டர்பன் அலுவலகத்தை உடம்புக்கும் வேலைக்கும் ஏற்ற இடமாக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பத்து முதல் ஐம்பது பேர் வரை வேலை பார்க்கும் அலுவலகங்களை நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துறைமுகத்தை நம்பி இருக்கும் கிளியரிங் ஏஜென்சி, உம்ஹ்லாங்கா பக்கத்து ஐடி அலுவலகம், கால் சென்டர், பழைய கிரே தெரு மாடியில் நடக்கும் கணக்குத் தணிக்கை நிறுவனம் எதுவானாலும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றுதான். அலுவலக நிர்வாகம்தான் என் பிழைப்பு. அதில் பார்த்துத் தெரிந்துகொண்டதையும், ஆராய்ச்சியில் உறுதியானதையும் சேர்த்துத் தருகிறேன்.

ஊழியர் நலன் என்று பட்ஜெட் ஒதுக்கினால் முதலில் வந்து சேர்வது பழக்கூடை, மாதம் ஒரு யோகா வகுப்பு, சுவரில் ஒட்ட ஊக்க வாசகங்கள். எதுவும் கெடுதல் இல்லை. ஆனால் காற்று வராத அறையில், முதுகை வலிக்கச் செய்யும் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு ஆப்பிள் கொடுத்து என்ன ஆகப்போகிறது? முதலில் தொல்லை கொடுப்பதை எடுத்துவிடுங்கள், அப்புறம் புதிதாக எதையாவது சேர்க்கலாம். கீழே உள்ள படிகளின் வரிசை அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது.

படி 1: பணத்தை எடுக்கும் முன் இரண்டு வாரம் அளந்து பாருங்கள்

மூன்று பொருள் போதும். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். மீட்டர் வாங்கும்போது அகச்சிவப்பு உணரி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சில மீட்டர்கள் அந்த வாயுவை அளப்பதே இல்லை. காற்றில் இருக்கும் வேறு ஆவிகளைப் பார்த்து ஒரு எண்ணை ஊகித்துக் காட்டும். கை கழுவும் சானிடைசரைப் பக்கத்தில் கொண்டுபோனதும் எண் எகிறினால் அது அந்த ரகம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காலை ஒன்பது, பதினொன்று, மதியம் இரண்டு, நான்கு என்று நேரம் வைத்துக் குறியுங்கள். கூடவே கடந்த ஒரு வருட சிக் லீவுப் பதிவேட்டை எடுத்து, யார் எந்த இருக்கையில் உட்காருகிறார் என்பதோடு பொருத்திப் பாருங்கள். ஒரே வரிசையில் இருப்பவர்களே திரும்பத் திரும்ப லீவு எடுத்திருந்தால், அவர்களின் குணத்தை ஆராய்வதற்கு முன் தலைக்கு மேலே ஏசி எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள்.

பிறகு எல்லோரிடமும் பெயர் இல்லாமல் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நேரத்தில் வேலை ஓட மாட்டேன் என்கிறது? உடம்பில் எங்கே வலிக்கிறது? இங்கே ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? சின்ன அலுவலகத்தில் கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் டைப் செய்து தரச் சொல்லுங்கள். கேள்விகள் ஆங்கிலத்திலும் ஜூலு மொழியிலும் இருக்கட்டும். துப்புரவு செய்பவரையும் வாசல் காவலாளியையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் ஒப்பந்த ஆட்களாகவே இருக்கட்டும், பிளீச் வாடையை நாள் முழுக்க முகர்கிறவர்கள் அவர்கள்தான்.

படி 2: காற்று

பணம் குறைவாகச் செலவாகிப் பலன் அதிகம் கிடைக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர் அலுவலகங்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்ப்ளிட் ஏசி. அது அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியிலிருந்து ஒரு துளி புதுக்காற்றும் வராது. ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டால் அறை குளிரும், காற்று பழசாகிக்கொண்டே போகும். மேஜை வேலை பார்க்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியே விடுகிறார். முப்பது சதுர மீட்டர் அறையில் எட்டுப் பேர் இருந்து, காற்று எங்கும் கசியவில்லை என்றால், வெளிக்காற்றின் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவிலிருந்து ஒரு மணி நேரத்திலேயே 2,000-ஐத் தாண்டும். நிஜத்தில் கதவிடுக்கில் கொஞ்சம் கசியும் என்பதால் சற்று மெதுவாக ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மதியம் தூக்கம் வந்தால் பழியை பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய சாப்பாடு) மேல் போடுவது டர்பன் வழக்கம். பாதி நியாயம்தான். மீட்டரைப் பார்த்தால் மீதி விளங்கும். ஜோசப் ஆலன் தலைமையிலான ஹார்வர்டு குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேர் ஆறு நாள் ஓர் அலுவலகத்தில் வழக்கமான வேலையைப் பார்த்தார்கள். எந்த நாளில் காற்று எப்படி மாற்றப்பட்டது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. புதுக்காற்று அதிகமாகவும் ரசாயன ஆவிகள் குறைவாகவும் இருந்த நாள்களில், முடிவெடுக்கும் திறனைச் சோதித்த தேர்வில் மதிப்பெண் வழக்கமான அலுவலகச் சூழலைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்ன ஆய்வுதான். உங்கள் அலுவலகத்தில் வேலை இரண்டு மடங்காகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

செய்ய வேண்டியது: மீட்டர் 1,000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டர்பன் கடற்கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். அந்த இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தால் உங்களுக்கு யோகம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்தாலே எண் சரசரவென்று இறங்கும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் மறுபக்கச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி வையுங்கள். ஜன்னலே திறக்காத கண்ணாடிக் கட்டடம் என்றால், மத்திய ஏசியில் புதுக்காற்று நுழையும் வழி திறந்திருக்கிறதா என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மின்கட்டணத்தைக் குறைக்க அதை மூடி வைப்பவர்கள் உண்டு.

ஜன்னலைத் திறந்தால் வெர்வெட் குரங்கு வந்துவிடும் என்பீர்கள். உண்மைதான். வெஸ்ட்வில், சாட்ஸ்வொர்த், உம்ஹ்லாங்கா பக்கம் மேஜை மேல் வைத்த வாழைப்பழம் பத்து நிமிடம் தாங்காது. கம்பி வலை அடியுங்கள், கொசுவுக்கும் ஆகும். ஆனால் தீப்பிடித்தால் வெளியேற வேண்டிய வழியில் நிரந்தரக் கம்பி போடாதீர்கள்.

ஏசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் வெளியே உள்ள யூனிட்டின் உப்பையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கோப்பு அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்திருக்கும், ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.

படி 3: வெயில் எந்தப் பக்கம்?

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும், தமிழ்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து வாஸ்து பேசுகிறவர்களும் தடுமாறும் இடம் இது. அங்கே ஆண்டின் பெரும்பகுதி மதிய வெயில் தெற்கிலிருந்து விழும், வடக்கு ஜன்னல் குளிர்ச்சியாக இருக்கும். டர்பன் ஏறக்குறைய 30 டிகிரி தென் அட்சரேகையில் இருக்கிறது. இங்கே மதிய சூரியன் வருடம் முழுக்க வடக்கில்தான். ஜூன் மாதம் மதியம் அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரம் மட்டுமே ஏறும். டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும்.

இதனால் வடக்கு ஜன்னலுக்கு மேல் நல்ல சன்ஷேடு இருந்தால் கோடை வெயிலை அது தடுத்துவிடும், குளிர்கால வெயில் மட்டும் உள்ளே வரும். இதைவிட நல்ல ஏற்பாட்டைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. தெற்கு ஜன்னலில் பெரும்பாலான நேரம் கண் கூசாத சீரான வெளிச்சம் கிடைக்கும், திரையில் வேலை பார்ப்பவர்களை அங்கே உட்காரவையுங்கள். மேற்கு ஜன்னல்தான் வில்லன். கோடையில் மூன்று மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்திருப்பவர் வறுபடுவார். அந்த வரிசையை ஸ்டோர் ரூமாகவோ பிரிண்டர் வைக்கும் இடமாகவோ மாற்றுங்கள். முடியாவிட்டால் வெயில் மறைக்கும் திரையை ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் போடுங்கள். உள்ளே போடும் திரையைத் தொடுவதற்குள் வெப்பம் அறைக்குள் வந்துவிட்டிருக்கும்.

எத்தனை டிகிரி வைப்பது? செப்பானென், ஃபிஸ்க், லெய் மூவரும் முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, அலுவலக வேலைத்திறன் 22 டிகிரி வாக்கில் உச்சத்தில் இருக்கிறது, 30 டிகிரியில் ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. நம் ஊர்க் கோடைக்கு 23, 24 போதும் என்பது என் அபிப்பிராயம். 18-இல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்வது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. பெண்கள் குளிர்கிறது என்றால் சிணுங்கல் என்று ஒதுக்காதீர்கள். அலுவலக வெப்பநிலைக்கான பழைய கணக்கே நடுத்தர வயது ஆணின் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டது என்று 2015-இல் டச்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோடை மூன்று மாதம் டை கட்ட வேண்டாம் என்று ஒரு மெயில் அனுப்பினாலே தெர்மோஸ்டாட் சண்டை பாதி அடங்கும்.

படி 4: நாற்காலி, மேஜை, திரை

தென்னாப்பிரிக்காவில் 2019-இல் எர்கோனாமிக்ஸ் ஒழுங்குவிதிகள் வந்தன. வேலையால் உடம்புக்கு வரக்கூடிய சிரமத்தை மதிப்பிட்டுச் சரிசெய்வது முதலாளியின் கடமை என்கின்றன அவை. பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பாதம் முழுக்கத் தரையில் பதிகிறதா? முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்குகிறதா? திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறதா? குட்டையானவருக்குக் காலடிப் பலகை போடுங்கள். லேப்டாப்பை மட்டும் வைத்து நாள் முழுக்க வேலை வாங்காதீர்கள். அடியில் நாலு புத்தகம் அடுக்கி, தனிக் கீபோர்டும் மவுஸும் கொடுத்தாலே கழுத்து வலி பெருமளவு குறையும்.

புது மலிவு நாற்காலியைவிட, அலுவலகம் காலி செய்பவர்களிடம் கிடைக்கும் பழைய நல்ல நாற்காலி மேல். உயரத்தை மாற்றும் மேஜையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் போதும், செல்போன் செயலியே தோராயமாகக் காட்டிவிடும். திரைக்கு நேர் பின்னாலோ நேர் முன்னாலோ ஜன்னல் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும்.

படி 5: சத்தம்

சுவர்களை இடித்துவிட்டால் எல்லோரும் கலகலவென்று பேசிச் சேர்ந்து வேலை செய்வார்கள் என்பது அழகான கற்பனை. பெர்ன்ஸ்டைன், டர்பன் என்ற இருவர் (நம் ஊருக்கும் அவர் பெயருக்கும் சம்பந்தமில்லை) 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அலுவலகத்துக்கு மாறிய பின் நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. மெயிலும் மெசேஜும் கூடின. எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைக் கெடுப்பது சத்தத்தின் அளவைவிட, காதில் விழும் பேச்சு புரிவதுதான். துறைமுகத்துக்குப் போன் போட்டுக் கண்டெய்னர் எங்கே என்று கத்துபவரையும், கணக்கு சரிபார்ப்பவரையும் அடுத்தடுத்து உட்காரவைக்காதீர்கள். போன் பேச ஒரு மூலை, வாயைத் திறக்கக் கூடாத ஒரு மூலை, நடுவில் புத்தக அலமாரி. இதற்குச் செலவு ஒரு சனிக்கிழமை காலை மட்டும்.

படி 6: தண்ணீர், கழிவறை, மின்சாரம்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. 2022 ஏப்ரல் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 400-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின, டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. கழிவறையில் தண்ணீர் வராது என்று தெரிந்தால் ஆட்கள், முக்கியமாகப் பெண்கள், குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் அங்கேதான் தொடங்கும். கழிவறைக்கென்று ஒரு ஜோஜோ தொட்டி (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வையுங்கள், குடிதண்ணீர் தனி. தொட்டியும் காலியாகிவிட்டால் எத்தனை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி ஒட்டுங்கள். அன்றைய தினம் மேனேஜரின் மூடைப் பார்த்து முடிவெடுக்கும் காரியம் இல்லை இது.

லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) 2023-இல் இருந்த அளவுக்கு இல்லைதான், ஆனாலும் ஜெனரேட்டரை யாரும் விற்றுவிடவில்லை. அதை மூடிய பால்கனியிலோ ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். சின்ன அலுவலகத்துக்கு இன்வெர்ட்டரே நல்லது, புகையும் இல்லை, சத்தமும் இல்லை.

ஐந்து பேருக்கு மேல் இருந்தால் முதலுதவிப் பெட்டி, பத்துப் பேருக்கு மேல் இருந்தால் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர், இருபது பேருக்கு மேல் இருந்தால் பாதுகாப்புப் பிரதிநிதி வேண்டும் என்பது சட்டம். பெட்டியைத் திறந்து மருந்துகளின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

படி 7: சாப்பாட்டு மூலை

சாப்பிடுவது மேஜையில் வேண்டாம், தனி இடத்தில் நடக்கட்டும். இரண்டு நாற்காலி போட்ட வராந்தாவாக இருந்தாலும் சரி. நம் ஊர் அலுவலகத்தில் ஒரே ஃபிரிட்ஜில் ஹலால் உணவும், புரட்டாசி விரதக்காரரின் சைவச் சாப்பாடும், வெள்ளிக்கிழமை பிராய்க்கு (தணலில் இறைச்சி சுடும் விருந்து) வாங்கிய இறைச்சியும் இருக்கும். ஃபிரிட்ஜின் அடுக்குகளைப் பிரித்துப் பெயர் ஒட்டுங்கள். சைவத்துக்கென்று ஒரு மைக்ரோவேவ் வைத்தால் புரட்டாசி மாதம் மட்டுமல்ல, காவடி விரத நாள்களிலும் உபயோகப்படும். மூன்று மணிக்கு மேல் காபிக்குப் பதில் ரூயிபோஸ் மூலிகைத் தேநீர் இருக்கட்டும், அதில் கஃபீன் இல்லை, ராத்திரித் தூக்கம் கெடாது.

படி 8: நேரம்

அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் ஒரு மணி நேர உணவு இடைவேளை, ஒப்பந்தம் செய்துகொண்டால் அரை மணியாகக் குறைக்கலாம். ஓவர்டைம் வாரத்துக்குப் பத்து மணிக்கு மேல் கூடாது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்த மணிக்கணக்குகள் பொருந்தாது. அவர்கள் உடம்புக்கு அந்த வரம்பு தெரியாது என்பதுதான் சிக்கல். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்டன.

இங்கே நேரத்தோடு பாதுகாப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜூனில் ஐந்து மணி தாண்டியதுமே இருட்டத் தொடங்கும். ஃபீனிக்ஸுக்கும் உம்லாசிக்கும் மினிபஸ் டாக்ஸி பிடிக்கப் போகிறவர் அந்த இருட்டில் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை அலுவலகத்தை அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடியுங்கள். நான் பரிந்துரைக்கும் மாற்றங்களில் ஊழியர்கள் மனமார நன்றி சொல்வது இதற்குத்தான். மாலை ஆறு மணிக்கு மேல் வேலை இருந்தால் சட்டக் கணக்கில் அது இரவு வேலை. வீட்டுக்குப் போக வாகன வசதி இருக்கிறதா என்பதையும் முதலாளி பார்த்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகிறவருக்கு அன்று மட்டும் உணவு இடைவேளையை நகர்த்திக் கொடுங்கள். தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை. தைப்பூசம், தீபாவளி, ஈத் மூன்றையும் வருடத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்து, யார் யாருக்காக வேலை பார்ப்பது என்று பேசிவிட்டால் கடைசி நேர மனஸ்தாபம் வராது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினம் இரண்டு தடவை முப்பது நிமிட இடைவேளை தரச் சொல்கிறது தாய்மார் பாதுகாப்புக்கான அரசு நடத்தை நெறி. பூட்டக்கூடிய அறையும் ஒரு பிளக்கும் அதற்கு வேண்டும். கழிவறையைக் காட்டாதீர்கள்.

படி 9: மனசும் மேனேஜரும்

நாற்காலி, காற்று எல்லாம் சரிசெய்தபின்னும் ஆட்கள் விலகிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காரணம் ஒரு மனிதர். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திட்டுபவர், இரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில் வேலை அனுப்புபவர், பிடித்தவருக்கு மட்டும் லீவு கொடுப்பவர். 2022 மார்ச்சில் வந்த வேலையிடத் துன்புறுத்தல் தடுப்பு நெறி, மிரட்டலையும் இனம், பாலினம் சார்ந்த அவமதிப்பையும் கணக்கில் எடுக்கிறது. புகார் கேட்பவர் அந்த மேனேஜருக்கு நேரடியாகக் கீழே வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது. குடும்ப நிறுவனங்களில் இதுதான் கஷ்டம். மாமாவைப் பற்றிய புகாரை மருமகன் எப்படிக் கேட்பார்? வெளியிலிருந்து ஒருவரை நியமியுங்கள், உங்கள் கணக்காளரோ வக்கீலோ ஆகலாம்.

நம்மவர்கள் மனச்சோர்வு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தலைவலி, வயிற்றுவலி, தூக்கம் இல்லை என்பார்கள். டாக்டராக முயலாதீர்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் கால் மணி நேரம் தனியாகப் பேசுங்கள், வேலைப் பட்டியலை அன்று எடுக்காதீர்கள். மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு வழிகாட்டும் சாடாக் அமைப்பின் உதவி எண்ணைக் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நோட்டீஸ் போர்டில் இருந்தால் யாரும் நின்று குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 10: மூன்று மாதம் கழித்து மறுபடி

முதல் படியில் எடுத்த அதே அளவுகள், அதே மூன்று கேள்விகள். சிக் லீவு, வேலையில் பிழைகள், வேலையை விட்டுப் போனவர்கள் என மூன்றையும் போன வருடத்து அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். ஜூலைச் சளிக் காலத்தை ஏப்ரலோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். முதல் மாத முன்னேற்றத்தை நம்பி விருந்து வைக்கவும் வேண்டாம். சிகாகோ பக்கத்து ஹாதோர்ன் ஆலையில் 1924-இல் தொடங்கிய வெளிச்சப் பரிசோதனைகளில், விளக்கை எப்படி மாற்றினாலும் உற்பத்தி கூடியது என்று ஒரு கதை உண்டு. தரவுகளை மறுபடி பார்த்தவர்கள் அது மிகைப்படுத்தப்பட்ட கதை என்றார்கள். ஆனாலும், யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்றாலே கொஞ்ச நாள் உற்சாகம் வரும் என்ற எச்சரிக்கை உங்களுக்கு உதவும். ஆறாவது மாதமும் எண் நின்றால் நம்பலாம்.

வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது

மேலே சொன்னதில் பாதி, கட்டட உரிமையாளர் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில்தான் அவர் உங்கள் பேச்சைக் கேட்பார். புது இடம் பார்க்கப் போனால் செல்போனில் இருக்கும் திசைகாட்டியைத் திறந்து எந்தச் சுவர் மேற்கு என்று பாருங்கள். ஜன்னல்களை நீங்களே திறந்து பாருங்கள், வர்ணம் பூசி ஒட்டிக்கொண்ட ஜன்னல்கள் ஏராளம். தண்ணீர்த் தொட்டி யாருடைய பங்கு, ஜெனரேட்டர் எந்தெந்த விளக்குகளுக்கு, கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை இரவில் வெளிச்சம் உண்டா என்று கேளுங்கள். ஏசி பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்’ என்று ஏஜென்ட் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.